தேங்காயும் மாசியும்

நம் முன்னோர் ஏன் கடல் தாண்டி வந்தார்கள் என்று மலையகத்தில் யாரிடம் கேட்டாலும் பஞ்சம், கடன், சாதிக் கொடுமை என்று வரிசையாகச் சொல்வார்கள். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் தேங்காயும் மாசியும் வந்து நின்றுவிடும். தேயிலைத் தூரைத் தோண்டினால் இரண்டும் கிடைக்கும் என்று ஆள் சேர்க்க வந்த கங்காணி சொன்னாராம். சனம் நம்பிக் கிளம்பி வந்ததாம். இதைச் சொல்லாத மே தின மேடையை நான் பார்த்ததில்லை.

இந்த வசனத்தை முதலில் சொன்ன ஆள் யார் என்று தேட வேண்டும் என எனக்கு ஓர் ஆசை. தேடலை அலுவிகாரையில் தொடங்கினேன். அங்கே பெரியப்பா வீடு இருக்கிறது, சாப்பாட்டுக்குக் கவலையில்லை. கௌரவமான காரணமும் ஒன்று உண்டு. மாத்தளைக்குச் சற்று வடக்கே, ஏ-9 வீதியோரம் இருக்கும் இந்தப் பாறைக் குகைகளில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பிக்குகள் திரிபிடகத்தை முதன்முதலாக ஏட்டில் எழுதினார்கள் என்பது மரபு. அதுவரை எல்லாம் மனப்பாடம். பஞ்சமும் படையெடுப்பும் சேர்ந்து வர, மனப்பாடம் செய்தவர்கள் செத்துப்போனால் என்ன கதி என்ற பயத்தில் எழுத்தாணியை எடுத்தார்கள். (படையெடுத்து வந்தவர்கள் நம் ஆட்கள். விகாரைக்குள் நின்று நான் இதை உரக்கச் சொல்லவில்லை.) அப்படி எழுதி வைத்தும் முழுக்கத் தப்பவில்லை, 1848 மாத்தளைக் கிளர்ச்சியை வெள்ளைக்காரன் அடக்கியபோது இங்கிருந்த ஏடுகள் பல அழிந்துபோயின.

மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்த நம் சனமும் இந்தப் பக்கமாகத்தான் வந்தது. பசியிலும் காலராவிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். 2023இல் ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தத் தடத்தைத்தான் நினைவுகூர்ந்தது.

பெரியப்பாவிடம் விசாரணையைத் தொடங்கினேன்.

“கங்காணிதான் சொன்னான்.”

“எந்தக் கங்காணி, பெரியப்பா?”

“எல்லாக் கங்காணியும்.”

“உங்களுக்கு யார் சொன்னது?”

“எங்க அப்பாயி.”

“அப்பாயிக்கு?”

“டேய், சாப்பிட வந்தியா, சாட்சி எடுக்க வந்தியா?”

வருஷங்களை எடுத்து அடுக்கினால் கங்காணி தப்பித்துவிடுகிறார். 1820களில் தொடங்கி ஆட்களைக் கூட்டி வந்தது கோப்பிக்கு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வியாபாரப் பயிராக நட்டது 1867இல். கோப்பியில் இலைநோய் தலைகாட்டியது 1869இல். அது கோப்பியைத் தின்று முடிக்கப் பல வருஷம் எடுத்தது. ஆக, காட்டுவழியே நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தூரைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். கோப்பித் தூரில் மாசி கிடைத்ததாக எவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. தேயிலை பரவத் தொடங்கிய நாட்களிலோ தமிழகத்தில் 1876–78 தாது வருஷப் பஞ்சம். கஞ்சிக்கு வழியில்லாதவனைக் கப்பலேற்ற மாசிக்கருவாடு எதற்கு? கஞ்சி என்று சொன்னாலே வந்திருப்பானே.

அடுத்த தடயத்தைத் தட்டில் கொண்டுவந்து வைத்தவர் பெரியம்மா: ரொட்டியும் சம்பலும். மாசி என்பது சூரை மீனை அவித்து, புகை போட்டு, விறகுக்கட்டை போல ஆகும்வரை காய வைத்தது, மாலைதீவுச் சரக்கு. சேலத்திலோ புதுக்கோட்டையிலோ பட்டினி கிடந்தவன் கனவில் நெல் வரும், காணி வரும். தேங்காயும் மாசியும் ஜோடியாக வர வேண்டுமென்றால் அவன் முன்பே சம்பல் சாப்பிட்டிருக்க வேண்டும். அதை அவன் எங்கே சாப்பிட்டான்? இங்கேதான்.

“இப்ப மாசி விக்கிற விலைக்கு நானும் தோண்டித்தான் பார்க்கணும்” என்றார் பெரியம்மா. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. இந்த வசனம் பிறந்தது லய அடுப்படியில். முதுகு ஒடியக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, மாசியில்லாத சம்பலைத் தொட்டுக்கொண்டிருந்த யாரோ ஒருத்தி, கங்காணி சொன்ன பொய்களையெல்லாம் ஒன்றாக உருட்டி அடித்த நக்கல் இது. அந்த நக்கலைத்தான் நாம் மேடையில் ஏற்றி, முன்னோரின் ஏமாளித்தனத்துக்குச் சாட்சியாக்கி, கைதட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டுக் கிழவிகள் யாராவது ‘கோப்பித் தூர்’ என்று சொல்லக் கேட்டிருந்தால் என் வாதம் அவ்வளவும் போச்சு. அப்படியிருந்தாலும் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள், எந்தத் தோட்டம் என்பதையும் சேர்த்து. சொன்னவர் கங்காணி வீட்டுக் கிழவி என்றால் அதையும் மறைக்க வேண்டாம்.