பத்து டாலர் தேய்மானம்

அமெரிக்கக் கல்லூரியில் இளநிலைப் பட்டம் பயிலும் மாணவர் வால் ஸ்ட்ரீட் முதலீட்டு வங்கி ஒன்றில், அதாவது ஒரு நிறுவனம் மற்றொன்றை விலைக்கு வாங்கவும் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டவும் துணைநின்று கட்டணம் பெறும் வங்கியில், வேலைக்குச் சேர விரும்பினால், அதற்குரிய தலைவாசல் 'சம்மர் இன்டர்ன்ஷிப்' எனப்படும் கோடைக்காலப் பயிற்சியே ஆகும். மூன்றாம் ஆண்டின் இறுதியில் வரும் அக்கோடைக்கான ஆள்சேர்ப்பு, இரண்டாம் ஆண்டிலேயே, நிதியியலின் முதல் பாடத்தைக்கூடப் பலர் முடித்திராத நிலையில் தொடங்கிவிடுகிறது. பிள்ளை பிறக்கும் முன்னரே பெயர் வைப்போர் எங்கும் உண்டு. பெயரோடு நில்லாமல் சம்பளமும் பேசி முடிப்பது வால் ஸ்ட்ரீட்டின் தனிச்சிறப்பு.

2024ஆம் ஆண்டுக் கோடைக்கு கோல்ட்மன் சாக்ஸ் வங்கிக்கு மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்குக்கூட இடம் கிடைக்கவில்லை. இதைக் கேள்வியுற்ற மாணவர் வேறு துறை தேடுவார் என எண்ணுவது பேதைமை. அவர் தேடுவது, இத்தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் மாணவர் கிளப்பை. அக்கிளப்பில் சேரவும் விண்ணப்பமும் நேர்காணலும் உண்டு. அங்கே கோட்டும் டையும் அணிந்த இருபது வயதுத் தலைவர், பதினெட்டு வயது விண்ணப்பதாரரை நோக்கி, வாழ்வில் சந்தித்த பெருந்தோல்வி எதுவென வினவுவார். அதுவரை தோற்க நேரம் வாய்த்திராத அப்பிள்ளைக்கு, அக்குறையைக் கிளப்பே பெரும்பாலும் நிவர்த்தி செய்துவிடுகிறது.

அடுத்தது 'காபி சாட்'. முன்பின் அறியாத வங்கி ஊழியருக்கு மின்னஞ்சல் எழுதி, இருபது நிமிடம் தொலைபேசியில் உரையாடி, அவரது வாழ்க்கைப் பயணத்தில் தமக்குள்ள தீராத ஆர்வத்தைப் புலப்படுத்துவதே இச்சடங்கு; பெரும்பாலும் இதில் காபி இடம்பெறுவதில்லை. பேசுபவர் உள்நோக்கத்தைக் கேட்பவர் அறிவார், கேட்பவர் அறிவதைப் பேசுபவரும் அறிவார், ஆயினும் வேலை என்ற சொல்லை இருவருமே வாயால் உச்சரிப்பதில்லை. பெண் பார்க்க வந்த வீட்டில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இதன்பின் வரும் வங்கி நேர்காணலின் வினாக்களுள் தலையாயது தேய்மானம் பற்றியது. தேய்மானமாவது, இயந்திரம் முதலியவை ஆண்டுதோறும் மதிப்பிழப்பதைச் செலவாக எழுதும் கணக்குமுறை. அது பத்து டாலர் கூடினால் மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன நேரும் என்பதே கேள்வி. வரி 40 சதவீதம் எனக் கொண்டால், இலாபம் ஆறு டாலர் குறையும். தேய்மானத்தில் கைப்பணம் எதுவும் வெளியேறாததால் பணப்பாய்வு அறிக்கையில் அந்தப் பத்து டாலரையும் திரும்பக் கூட்ட, ரொக்கம் நான்கு டாலர் ஏறும். சொத்துப் பக்கத்தில் இயந்திர மதிப்பு பத்து இறங்கி ரொக்கம் நான்கு ஏறுவதால் நிகரமாக ஆறு குறைய, எதிர்ப்பக்கத்தில் உரிமையாளர் பங்கும் அதே ஆறு குறைந்து, இருப்புநிலைக் குறிப்பு சமநிலை எய்தும். இவ்விடையை உறக்கத்திலும் ஒப்பிக்க வல்ல மாணவர் பலர். அவருள் தேயும் இயந்திரம் ஒன்றை அருகிலிருந்து கண்டவர் எத்தனை பேர் என்பது ஆய்வுக்குரியது.

இதனினும் கடினமான வினா, ஏன் இத்தொழிலை நாடுகிறீர் என்பது. உண்மையான விடை ஓரெழுத்தும் மிகாமல் 'பணம்' என்பதாகும். பணத்தையே பண்டமாகக் கொண்ட அத்தொழிலின் வாசலில் அச்சொல்லை மட்டும் உரைத்தல் தகாது. கற்கும் வேகம், கூட்டுழைப்பு ஆகியவற்றின் மீது சிறுவயது முதலே தமக்கிருந்த பற்றை மாணவர் விளக்குதல் வேண்டும். தேறியவர் 'சூப்பர் டே' என்னும் நாளில் அடுத்தடுத்துப் பலரால் வினவப்படுகிறார். அன்று அவரை அளக்கும் கோல்களுள் ஒன்று 'விமான நிலையச் சோதனை': விமானம் தாமதமானால் இவரோடு பல மணி நேரம் உட்கார்ந்திருக்க முடியுமா என நேர்காண்பவர் தமக்குள் கேட்டுக்கொள்வது. பத்து டாலர் விடையை ஒப்பிக்கும் பழக்கம் இதற்கு உதவாது என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

இத்தொழிலின் மீது மாணவருக்கு வெறுப்பூட்ட முயன்றோரும் உண்டு. சாலமன் பிரதர்ஸ் வங்கியில் பணியாற்றிய மைக்கேல் லூயிஸ், அங்கு கண்ட கூத்துகளை 'லையர்ஸ் போக்கர்' என்ற நூலாக 1989இல் வெளியிட்டார். அதைப் படிக்கும் இளைஞர் வேறு நல்ல தொழிலுக்குச் செல்வர் என்பது அவர் நம்பிக்கை. வாசித்த மாணவர்களோ, வால் ஸ்ட்ரீட்டில் நுழைய இன்னும் ஏதேனும் இரகசியம் உண்டா எனக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினர்.

இத்தனையும் கடந்தவர் நிம்மதியாக நாற்காலியில் அமர்கிறாரா எனில், அதுவும் இல்லை. தனியார் பங்கு முதலீட்டு நிறுவனங்கள், அதாவது நிறுவனங்களை முழுதாக வாங்கிச் சீர்செய்து விற்பவை, வங்கியில் இன்னும் கால் வைக்காத இளைஞரையே, இரண்டாண்டு கழித்துத் தம்மிடம் சேருமாறு அமர்த்திக்கொள்ளத் தொடங்கின. பொறுமையிழந்த ஜேபி மார்கன் வங்கி 2025 ஜூனில், சேரும் முன்னரோ சேர்ந்த 18 மாதங்களுக்குள்ளோ வெளி வேலையை ஏற்போர் நீக்கப்படுவர் எனப் புதியவர்களை எச்சரித்தது. 18 மாதம் என்றைக்கு முடிகிறது என எக்செல்லில் கணக்கிடத் தெரியாதவர் எவரையும், மேற்கூறிய தேர்வுமுறையின் பயனாக, அவ்வங்கி வேலைக்கு எடுத்திருக்க வாய்ப்பில்லை.