ஒரு பட்டம், பல நாற்காலிகள்

கேள்வி: சின்னச் சமூகம். ஒரே ஒருவர் பட்டம் வாங்கினால் மற்றவர்களுக்கு என்ன லாபம்?
(வாசகர், கொச்சி)

பதில்: உங்கள் ஊர் மட்டாஞ்சேரி யூதத் தெருவிலேயே விடை இருக்கிறது! 1568-இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வாரிசுகளுக்குச் சம இடம் இல்லை. அந்த வம்சத்தில் 1882-இல் பிறந்த ஏ.பி.சேலம், சென்னையில் சட்டம் படித்து, கொச்சி யூதர்களின் முதல் வழக்கறிஞரானார். இந்தப் பாகுபாட்டை எதிர்த்து ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று பெயர் வாங்கினார். கொச்சி சட்டசபையிலும் பேசினார். மெல்ல மெல்லத் தடைகள் தளர்ந்தன. தரையில் உட்கார்ந்தவர்களுக்கு நாற்காலி கிடைத்தது. படித்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவதோடு, படித்தவர் யாருக்காக எழுந்து நின்றார் என்றும் பாருங்கள். லாபக் கணக்கு அங்கேதான் இருக்கிறது!