சிவப்பு என்றால் நில்!

கே: கயிறு, சாட்டை, கைவிலங்கு மேல் ஆசை உள்ளவர்கள் அமெரிக்காவில் ஓட்டல் பிடித்து வார இறுதி மாநாடே நடத்துகிறார்களாமே! அங்கே என்னதான் நடக்கும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

ப: பெயரை மறைத்ததற்கு ஒரு சபாஷ். அங்கேயும் பலர் நெஞ்சில் குத்தியிருப்பது புனைபெயர் அட்டைதான். நீங்கள் நினைப்பதைவிடச் சப்பென்றிருக்கும், பகலெல்லாம் வகுப்பு! நரம்பு நசுங்காமல் முடிச்சுப் போடுவது, அவசரத்துக்குக் கத்தரிக்கோலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது, இப்படி. சம்மதம்தான் மூலமந்திரம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வாய்ச்சொல் சிக்னல் உண்டு. ‘சிவப்பு’ என்றால் அந்தக் கணமே நிறுத்தியாக வேண்டும். உங்கள் சேலம் அஞ்சு ரோட்டு சிக்னலில்கூட அவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபால்சம் தெருவில் 1984-ல் தொடங்கிய இதே ஆசைக்காரர்களின் திருவிழா வெட்டவெளியிலேயே நடக்கிறது. இந்தியாவிலும் ‘கிங்கி கலெக்டிவ்’ என்றொரு குழு சம்மதம் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறது.

உடனே ‘மேல்நாட்டுச் சீரழிவு’ என்று ஆரம்பிக்காதீர்கள். நகக்குறிக்கு ஒன்று, பற்குறிக்கு ஒன்று, அடிக்கு ஒன்று என்று காமசூத்திரத்தில் தனித்தனி அத்தியாயம் ஒதுக்கியவர் நம் வாத்ஸ்யாயனர். எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமும் தருகிறார்: கலவி வேகத்தில் அடித்து, சித்ரசேனை என்ற கணிகையைக் கொன்றே விட்டான் ஒருவன். யார் தெரியுமா? சோழராஜன்! எந்தச் சோழன் என்று சொல்லவில்லை. காமசூத்திரம் ராஜராஜனுக்குப் பல நூற்றாண்டு மூத்தது. ‘பொன்னியின் செல்வன்’ ரசிகர்கள் மூச்சு விடலாம்.

உங்கள் ஊர்க் கொலுசுப் பட்டறையில் விலங்குக்கு ஆர்டர் கொடுக்கும் யோசனை இருந்தால், முதலில் வெள்ளி விலையை விசாரியுங்கள். ‘சிவப்பு’ என்று அங்கேயே கத்திவிடுவீர்கள்.