மாப்பிள்ளை, டிஸ்க்கைக் காணோமாம்!

எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் முதல் சந்தேகம் என் மேல்தான். நகவெட்டி, கேஸ் புத்தகம், மொட்டைமாடிச் சாவி என்று எல்லா வழக்கிலும் நானே பிரதிவாதி. அந்த வரிசையில் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தபோது குற்றம் சாட்டியது மனைவி அல்ல, கம்ப்யூட்டர். இந்தக் கணினியில் ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை, கரண்ட் வருகிறதா, ஒயர் ஒழுங்காகச் செருகியிருக்கிறதா என்று பார், மேற்கொண்டு போக முடியாது, வெளியேற எஃப்3 என்று நீலத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் தீர்ப்பே எழுதிவிட்டது. பின்னால் நின்ற மாமனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒருதரம், இறக்கிக்கொண்டு ஒருதரம் படித்தார்.

"டிஸ்க் வாங்கினீங்கல்ல மாப்பிள்ளை?" என்றார். பில்லைத் தேடி எடுத்துக் காட்டினேன்.

மாமாவிடம் ஒரு ஜாதக சாஃப்ட்வேர் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் காசு கொடுத்து வாங்கியது. பிரிண்டர் செருகும் பேரலல் போர்ட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு 'லாக்' மாட்டினால்தான் வாயைத் திறக்கும். அது ஓடிய பழைய பெட்டியில் மதர்போர்டு போய்விட்டது. மொபைலில் ஆயிரம் ஜாதக ஆப் இருக்கிறதே என்றேன். "அதெல்லாம் பொதுப்பலன்" என்று ஒரே போடாகப் போட்டார். என் கம்ப்யூட்டரின் முதுகில் பேரலல் போர்ட் இருப்பதை அவர் ஏற்கெனவே டார்ச் அடித்துப் பார்த்து வைத்திருந்தார். மேலும், 'மாப்பிள்ளை கம்ப்யூட்டர் நல்லாப் பார்ப்பார்' என்பது என் மனைவி வீட்டுப் பக்கம் என்னைப் பற்றி உலவும் ஒரே நல்ல வதந்தி. அதைக் காப்பாற்ற வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபியைக் குடித்துவிட்டு, வீட்டு டிஸ்க்கின் ஒயரைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, மாமாவுக்கென்று வாங்கிய 500 ஜிபி டிஸ்க்கை மாட்டி, அவருடைய எக்ஸ்பி சிடியைப் போட்டேன். அதற்குத்தான் மேற்படி தீர்ப்பு.

மூடியைக் கழற்றினேன். தூசியை ஊதினேன். ஒயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினேன். இதனால் பிரயோசனம் உண்டா என்பது வேறு விஷயம், மாமனார் எதிரில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும்போது வரும் கம்பீரம் சும்மா உட்கார்ந்திருந்தால் வராது. ஆனால் கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் ஓடுகிற பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் டிஸ்க் பெயரோடும் கொள்ளளவோடும் ஜம்மென்று இருக்கிறது. பயாஸுக்குத் தெரிகிறது, சிடிக்குத் தெரியவில்லை.

நியாயத்தைச் சொல்லப்போனால் சிடி மேல் குற்றமில்லை. எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபர் 25. சாட்டா டிஸ்க்குகள் புழக்கத்துக்கு வந்தது 2003 வாக்கில். அந்த டிஸ்க்கோடு மதர்போர்டு பேசுகிற ஏஎச்சிஐ முறை வந்தது 2004இல். எக்ஸ்பி சிடிக்குப் பழைய ஐடிஇ முறைதான் பழக்கம். ஏஎச்சிஐக்கு உரிய டிரைவர் அதில் இல்லை. தனக்குப் பேசத் தெரியாத கன்ட்ரோலரை அது எட்டிப் பார்ப்பதே இல்லை. கன்ட்ரோலரே கண்ணில் படாதபோது அதன் பின்னால் நிற்கும் டிஸ்க் எங்கே தெரியும்? இதையெல்லாம் மாமாவுக்கு விளக்கினேன். "அப்ப டிஸ்க் இருக்கு?" என்றார். இருக்கிறது என்றேன். "பின்னே ஏன் இல்லேங்குது?" என்றார். மறுபடியும் 2001இலிருந்து ஆரம்பித்தேன்.

இப்படி ஆகும் என்று எக்ஸ்பியை எழுதினவர்களும் யோசித்துத்தான் இருக்கிறார்கள். சிடி ஓடத் தொடங்கியதும் திரையின் அடியில், மூன்றாம் தரப்பு ஸ்கஸி அல்லது ரெய்டு டிரைவர் போடுவதானால் எஃப்6ஐ அழுத்து என்று ஒரு வரி வந்து சில நொடியில் மறையும். ஸ்கஸி, ரெய்டு எல்லாம் பெரிய கம்பெனி சர்வர்க்காரர்கள் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று குடும்பஸ்தன் பேசாமல் இருப்பான். நமக்கும் அதுதான் வாசல் என்று அந்த வரியில் யார் எழுதியிருக்கிறார்கள்? தெரிந்து அழுத்தினாலும் உடனே ஒன்றும் நடக்காது. அது பாட்டுக்கு ஃபைல்களை ஏற்றிக்கொண்டிருக்கும். வராத லிஃப்ட்டின் பொத்தானைக் குத்துவதுபோல் நான் எஃப்6ஐக் குத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் எஸ் அழுத்து என்றது. அழுத்தினேன். டிரைவர் உள்ள பிளாப்பியை ஏ டிரைவில் போடு என்றது. சிடி ஆகாது, பென் டிரைவ் ஆகாது, பிளாப்பிதான். என் மதர்போர்டில் அதைச் செருக இடமே கிடையாது.

சுலப வழி ஒன்று உண்டு. பயாஸில் சாட்டா மோட் என்ற இடத்தில் ஏஎச்சிஐ என்று இருப்பதை ஐடிஇ என்று மாற்றி எஃப்10 அழுத்தினால் போதும். டிஸ்க் பழைய ஐடிஇ வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும், எக்ஸ்பியும் அடையாளம் கண்டுகொள்ளும். இது எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை கம்பீரத்துக்குப் பிறகு ஒரே ஒரு வார்த்தையை மாற்றிவிட்டு 'முடிந்தது மாமா' என்றால் வதந்தி என்ன ஆவது? அவரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டு மாற்றினேன்.

டிஸ்க் தெரிந்தது. ஆனால் 500 ஜிபி அல்ல, 1,31,069 எம்பி. தண்ணீரோடு வந்த மாமா பில்லையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். கறிகாய்க் கடைத் தராசையே கண்ணாலேயே சரிபார்க்கிற மனிதர். "முக்கால்வாசி எங்கே?" என்றார். முதல் வெளியீட்டு எக்ஸ்பி சிடி டிஸ்க்கில் இடம் குறிக்க 28 பிட் எண்ணைத்தான் பயன்படுத்தும். அதில் அடங்குவது சுமார் 26.8 கோடி செக்டார், செக்டாருக்கு 512 பைட், ஆக மொத்தம் 137 ஜிபி. அதற்கு மேல் எத்தனை இருந்தாலும் எண்ணத் தெரியாது. 2002இல் வந்த சர்வீஸ் பேக் 1தான் அந்த எல்லையைத் தாண்ட வழி செய்தது. ஜாதகத்துக்கு 137 ஜிபி தாராளம் என்று சமாதானம் சொல்லி எக்ஸ்பியை ஏற்றி, லாக்கை மாட்டி, வீட்டு டிஸ்க்கின் ஒயரையும் திருப்பிச் செருகினேன்.

மறுநாள் மகள் கம்ப்யூட்டரைப் போட்டாள். நீலத் திரை, 7பி என்ற எண். வீட்டு டிஸ்க்கில் இருப்பது விண்டோஸ் 7, ஏஎச்சிஐயில் ஏற்றியது. ஐடிஇக்கு மாற்றியதும் தன் சொந்த டிஸ்க்கே தெரியாமல் விழுந்துவிட்டது. ஏஎச்சிஐக்குத் திருப்பினால் மாமாவின் எக்ஸ்பிக்கு அதே 7பி. ஆகவே காலையில் ஐடிஇ, சாயங்காலம் ஏஎச்சிஐ என்று தண்ணீர் லாரி முறைபோல ஒரு ஏற்பாடு வந்தது. முறையை மாற்றும் ஆள் நான். ஆபீசில் இருக்கும்போது போன் வரும்: "என்னங்க, உங்க மாமாவோடதை எங்களோடதா மாத்திட்டுப் போகலியா?"

மேல்மாடிப் பையன், கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸ் என்றான். அதில் எக்ஸ்பி சிக்கலில்லாமல் ஏறியது, அது காட்டுகிற டிஸ்க்கே ஐடிஇ டிஸ்க்தான். ஆனால் பேரலல் போர்ட்டில் இருந்த லாக் அதன் கண்ணில் படவில்லை.

சரி, பிளாப்பி என்று கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கடைக்குக் கடை என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. ஒருவர் பரணில் ஏறி, யூஎஸ்பியில் செருகுகிற பிளாப்பி டிரைவ் ஒன்றை எடுத்து, துடைத்து, "ஓடினா உங்க அதிர்ஷ்டம் சார்" என்று கொடுத்தார். ஓடியது. எஃப்6, எஸ், டிரைவர் பட்டியல், டிஸ்க் எல்லாம் வந்தது. நான் மாமாவைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்த அதே நேரம், ஃபைல் பிரதி எடுக்கிற கட்டத்தில், பிளாப்பியை ஏ டிரைவில் போடு என்று மறுபடி கேட்டது. உள்ளேதான் இருந்தது. முதல் தடவை அதைப் படித்துக் கொடுத்தது பயாஸ். இரண்டாம் தடவை எக்ஸ்பி தானே படிக்க வேண்டும், அதற்குச் சில யூஎஸ்பி பிளாப்பி மாடல்களைத்தான் தெரியும். எடுத்துப் போட்டேன். திருப்பிப் போட்டேன். மாமா வாங்கிப் போட்டார். அது கேட்டுக்கொண்டே இருந்தது.

முடிவாகக் கைகொடுத்தது என்லைட் என்ற சின்ன புரோகிராம். எக்ஸ்பி சிடியை டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதற்குள் 2008இல் வந்த சர்வீஸ் பேக் 3ஐயும் ஏஎச்சிஐ டிரைவரையும் நுழைத்து, புது சிடியாக எரித்துக்கொள்ளலாம். டிரைவரை நுழைக்கும்போது எந்த வகை என்று கேட்கும், 'டெக்ஸ்ட்மோட்' என்றுதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சிடி முதலில் காட்டுகிற அந்த நீலத் திரைக்கு அது உதவாது. பட்டியலில் ஒரே மாதிரிப் பெயர்கள் வரிசையாக வரும், வேறொன்றைத் தொட்டால் மறுபடியும் 7பி. விண்டோஸ் 7இன் டிவைஸ் மேனேஜரில் கன்ட்ரோலரின் அடையாள எண்ணைப் பார்த்து ஒப்பிட வேண்டும். இன்டெல் சிப் என்றால் அந்த எண் 8086 என்று தொடங்கும். 1978இல் வந்த தன் சிப்பின் பெயரையே அந்தக் கம்பெனி பதிவெண்ணாக வைத்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பிடித்துப்போன விஷயம். வீட்டில் யாரும் கேட்கவில்லை.

புது சிடி ஏஎச்சிஐயிலேயே முழு டிஸ்க்கையும் காட்டியது. எக்ஸ்பிக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஓடு நின்றுவிட்டதால் லேன் டிரைவரைப் போடவேயில்லை. மாமாவின் கிரகங்களுக்கு இன்டர்நெட் எதற்கு?

சாஃப்ட்வேர் திறந்தது. வரிசையாக மதர்போர்டு, டெக்ஸ்ட்மோட், 28 பிட், 8086 என்று வெற்றிக்கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். மாமா கையமர்த்தினார்.

"அன்னிக்கு முதல்ல சிடி போட்டீங்களே, ஞாயித்துக்கிழமைதானே? மணி என்ன?"

"அஞ்சு இருக்கும் மாமா."

"நாலரைலேருந்து ஆறு ராகு காலம். எந்த டிஸ்க் தெரியும்?"

அடுக்களையிலிருந்து மனைவி, "அதானே!" என்றாள். அவளுக்கு ஒரே வரியில் புரிந்துவிட்டது.

மாமா அன்றைக்கே தன் சிநேகிதருக்குப் போன் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "அவர் பெட்டியும் டிஸ்க் இல்லேங்குதாம். வர்ற செவ்வாய்க்கிழமை போயிட்டு வந்துடுங்க மாப்பிள்ளை. மூணு மணிக்குள்ள முடிச்சுடணும்."