இருட்டுக்கும் ஓர் அளவு

கேள்வி: மது பாரில் இவ்வளவு வெளிச்சம் இருக்க வேண்டும் என்று எந்த ஊரிலாவது சட்டம் உண்டா?

பதில்: ஜப்பானில் உண்டு. நள்ளிரவு தாண்டியும் மது ஊற்றும் பாரில் வெளிச்சம் 20 லக்ஸுக்குக் கீழே போகக் கூடாது. விடிய விடிய ஆட்டமும் சேர்ந்த கிளப்பா? 10 லக்ஸைத் தாண்டினால் போதும். ஏறக்குறைய சினிமா இடைவேளை வெளிச்சம். 2016-ல்தான் இந்தச் சலுகை வந்தது. அதுவரை 1948-ஆம் வருடச் சட்டத்தைக் காட்டி ஆட்டத்தையே நிறுத்தச் சொல்வார்கள்!

உள்ளே பார்வையை மறைக்கும் தடுப்பும் ஆகாது. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்தான் கணக்கு. விளக்கைத் திருகிக் குறைக்கிற சுவிட்சைக் கண்டால் சோதனைக்கு வருபவர் முகம் சுளிப்பார். ஆக, உம்மிடம் கைமாற்று வாங்கிய நண்பர் அங்கே ஒளிய முடியாது. வாசலிலிருந்தே பிடித்துவிடலாம்.