படகில் வாழைப்பழம் ஏற்றக் கூடாது

டாலஸ், டெக்ஸாஸ்

அன்புள்ள பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்,

ஆரணியில் மழை விட்டதா, தறிக்குழியில் ஊறின தண்ணீர் வற்றியதா என்று எழுதவும்.

உங்கள் தம்பி மகன் சனிக்கிழமையானால் விடிவதற்கு முன்பே எங்கே ஓடுகிறான் என்று பெரியம்மா போனில் கேட்டார். மருமகள், "ஏரிக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார்" என்று சொல்லிவிட்டாள். பாதிதான் உண்மை. உட்காருவது நிஜம், சும்மா இல்லை, செலவோடு. டெக்ஸாஸ்காரர்கள் பாஸ் என்கிற மீனைப் பிடிக்கச் செலவழிப்பது கொஞ்சம்தான். அந்த மீன் கடிக்காத நாளைச் சமாளிக்கத்தான் சொத்தை அழிக்கிறார்கள்.

மீனைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். முழுப்பெயர் லார்ஜ்மவுத் பாஸ். பச்சை முதுகு, விலாவில் கறுப்புப் பட்டை, கண்ணையும் தாண்டிக் கிழிந்த வாய். குணமெல்லாம் நம் ஏரி விரால்தான். பாசியடியிலும் கட்டையடியிலும் பதுங்கியிருக்கும். தவளையோ சின்ன மீனோ பக்கத்தில் வந்தால் பாயும். குஞ்சு பொரித்தால் ஆண் மீன் காவல் நிற்கும். ஆனால் விராலை உயிரோடு இந்த நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. 2002இல் மேரிலாந்து மாநிலத்தில் க்ராஃப்டன் என்ற ஊர்க் குளத்தில் யாரோ கொண்டுவந்து விட்ட சீன தேசத்து விரால் பெருகிப்போய், குளத்துக்கே மருந்து ஊற்றிக் கொன்றார்கள். அதே ஆண்டில் விரால் சாதி மொத்தத்துக்கும் தடை வந்தது. உங்கள் தம்பி மகனுக்கு விசா கொடுத்தார்கள், விராலுக்குக் கொடுக்கவில்லை.

அவன் போகிற ஏரி லேக் ஃபோர்க். டாலஸுக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டம். சபீன் ஆற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடையை மறித்து, 1980இல் தண்ணீர் தேக்கினார்கள். 27,000 ஏக்கர். உள்ளே இருந்த மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே முழுக விட்டார்கள். ஏரி நிறைவதற்கு முன்பே, அந்தப் பள்ளத்தில் இருந்த குட்டைகளில் ஃப்ளோரிடா வகை பாஸ் குஞ்சுகளை வளர்த்து வைத்தார்கள். அந்த வகை மற்ற வகையைவிடப் பெரிதாக வளரும். சங்கடம் என்னவென்றால், அது சுலபத்தில் தூண்டிலைத் தொடாது. அரசாங்கமே பார்த்துப் பார்த்துப் பிடிவாதக்கார மீனை விட்டிருக்கிறது. ஜனங்கள் படகோடு வரிசையில் நிற்கிறார்கள்.

படகு பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. லாரி ஓட்டி ரிட்டையர் ஆனவர். புதுசாக வாங்கினால் எண்பதாயிரம் டாலரைத் தாண்டும் சமாசாரம். அவர் பழசாக வாங்கினார். முதல் தடவை போனபோது மருமகள் கட்டிக்கொடுத்த பையைப் பிரித்தார். முறுக்கைத் தின்றார், நன்றாக இருக்கிறது என்றார். அடுத்து வாழைப்பழச் சீப்பு வெளியே வந்தது. மனிதர் முகம் வெளுத்துவிட்டது. படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் கடிக்காது என்பது இந்த நாட்டு மீன்பிடிகாரர்களின் பழைய நம்பிக்கையாம். மஞ்சள் சட்டை போட்டவனைக்கூடச் சந்தேகமாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தேங்காய், வெற்றிலையோடு வாழைப்பழம் இல்லாமல் எந்தக் காரியமும் தொடங்காத வீட்டுப் பிள்ளை, சீப்பைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தான். அன்றைக்கும் மீன் கடிக்கவில்லை. பழம் வாகன நிறுத்தத்தில் இருந்தாலும் வேலை செய்யும் போலிருக்கிறது என்றார் பெரியவர்.

இவர்களுக்குப் பஞ்சாங்கமும் உண்டு. ஜான் ஆல்டன் நைட் என்பவர் 1926இல், சந்திரன் உச்சிக்கும் காலடிக்கும் வரும் நேரத்தில்தான் மீன் இரை எடுக்கும் என்று ஒரு கணக்குப் போட்டார். இன்றும் பெரியவரின் போனில் அது நல்ல நேரம், சுமாரான நேரம் என்று பிரித்துக் காட்டுகிறது. ராகுகாலம் மட்டும்தான் பாக்கி.

கடிக்காததற்குக் காரணம் கேட்டால் வானத்தைக் காட்டுகிறார்கள். வடக்கிலிருந்து குளிர்காற்று ஒன்று இறங்கும். அது வரும்போது, மேகம் கறுத்து மழை தூறும்போது, மீன் வெறிபிடித்து இரை எடுக்கும். கடந்து போன மறுநாள் பார்த்தால் மேகமில்லாத நீலவானம், காற்றழுத்தம் ஏறியிருக்கும், தண்ணீரின் சூடு இறங்கியிருக்கும். மனிதனுக்கு அது ஏரிக்குப் போக அருமையான நாள். மீனோ கட்டையடியில் ஒட்டிக்கொண்டு அசையாது. அதன் உடம்புச் சூடு தண்ணீரின் சூட்டோடு ஏறி இறங்குவது. தண்ணீர் குளிர்ந்தால் தின்றது செரிக்கவே நாளாகும். பசியில்லாதவனுக்கு எப்படி விருந்து வைப்பது? விடுமுறை நாளும் நீலவானமும் ஒன்றாக வரும் என்பதுதான் டெக்ஸாஸ் குளிர்காலத்தின் சட்டம்.

அந்த நாளுக்கென்றே ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். அதில் முதல் பாடம் ரப்பர் புழு. 1949இல் ஒஹையோ மாநிலத்து ஆக்ரனில் நிக் க்ரீம் என்பவரும் அவர் மனைவியும் வீட்டு அடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி, அச்சில் ஊற்றி முதல் புழுவை எடுத்தார்கள். பிறகு தொழிற்சாலை டெக்ஸாஸில் டைலர் ஊருக்கு வந்தது; லேக் ஃபோர்க்கிலிருந்து அது ஒரு மணி நேரத் தூரம்தான். இப்போது கடையில் ஒரு சுவர் முழுக்கப் புழுதான் தொங்குகிறது. தர்பூசணி நிறம், பூசணி நிறம், ஜூன் வண்டு நிறம். வாசனை போட்டதும் உண்டு. சோம்பு வாசனை, காப்பி வாசனை, பூண்டு வாசனை. பெரியம்மா, கேலி இல்லை, நிஜமாகவே பூண்டு. மசாலாவைத் தூண்டிலிலேயே தடவிவிடுகிறார்கள்.

இரண்டாவது பாடம், எல்லாவற்றையும் சின்னதாக்குவது. மெல்லிய நரம்பு, சின்ன முள், விரல் நீளப் புழு. முள்ளின் நுனியைப் புழுவுக்குள்ளேயே செருகி மறைத்துவிட்டால் முழுகிய கிளைகளில் மாட்டாது. அந்த முறைக்கு டெக்ஸாஸ் ரிக் என்றே பெயர். கடி இல்லாத நாளில் வேறொன்றும் செய்கிறார்கள்: ஈயத்தை நரம்பின் நுனியில் கட்டி, அதற்கு ஒரு சாண் மேலே முள்ளைக் கட்டுவது. ஈயம் தரையில் கிடக்கும், புழு நீரில் நின்ற இடத்திலேயே நடுங்கும்.

மூன்றாவதுதான் கஷ்டம். ஒன்றும் செய்யக் கூடாது. புழுவை மரத்தடியில் இறக்கிவிட்டு அப்படியே விட வேண்டும். கம்பெனியில் ஒரு மெயிலுக்கு அஞ்சு நிமிஷத்தில் பதில் வராவிட்டால் துடிக்கிறவர்களுக்கு இது ஆகாது. உங்கள் தம்பி மகனுடன் ஒரு தடவை வந்த சேலத்து நண்பர் நிமிஷத்துக்கு ஒருமுறை நரம்பைச் சுருட்டிப் பார்த்தார், புழு இருக்கிறதா என்று. ரப்பர் புழு, எங்கே போகும்? உள்ளூர்க்காரர்களோ அதைப் பத்து எண்ணி, இருபது எண்ணி, ஒரு விரல்கடை நகர்த்தி, மறுபடி எண்ணுகிறார்கள். குளிர்நாளில் மீன் வெடுக்கென்று இழுக்காது. வாயில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். நரம்பில் ஒரு துளி பாரம் கூடும், அவ்வளவுதான். ஓடுகிற தறியில் ஒரு இழை தளர்ந்தால் கண் பார்ப்பதற்கு முன் உங்கள் விரல் சொல்லுமே, அந்த விரல்தான் இங்கே வேண்டியிருக்கிறது. படித்த கையில் அது இல்லை. பெரியப்பா வந்தால் முதல் நாளே இவர்களுக்குப் பாடம் எடுப்பார் என்பது உங்கள் தம்பி மகனின் துணிபு.

பொறுமை இல்லாதவர்களுக்கு இயந்திரம் வந்திருக்கிறது. படகின் முன்னால் ஒரு கருவி. தண்ணீருக்குள் எதிரே இருக்கும் மீனையும் போட்ட புழுவையும் திரையில் அசைய அசையக் காட்டும். பெரியவருக்கும் அவர் மகன் வாங்கிக் கொடுத்தான். அதனால் வந்த மாற்றம் ஒன்றே: முன்பெல்லாம் மீன் இல்லை என்று நினைத்து நிம்மதியாக இருந்தார். இப்போது மீன் புழுவின் அருகில் வந்து, பார்த்து, திரும்பிப் போவதைக் கண்ணால் பார்க்கிறார்.

எந்த மீன் கடிக்கும், எந்த மீன் கடிக்காது என்பது பிறவியிலேயே இருக்கிறது என்று இலினாய்ஸ் மாநிலத்தில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். டேவிட் ஃபிலிப்பும் அவர் கூட்டாளிகளும் ரிட்ஜ் ஏரியில் பிடித்த பாஸ் ஒவ்வொன்றுக்கும் அடையாளமிட்டுத் திரும்ப விட்டார்கள். ஒரு மீன் ஒரே வருஷத்தில் 16 தடவை அகப்பட்டது. கடைசியில் ஏரியை வடித்தபோது, ஒரு தடவைகூட அகப்படாத மீன் இருநூறு போலக் கிடந்தது. அகப்படுகிறவற்றைத் தனியாகவும் அகப்படாதவற்றைத் தனியாகவும் தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினால், வித்தியாசம் கூடிக்கொண்டே போனது. 2009இல் அந்த ஆய்வு வெளியானது. அந்தப் பதினாறு தடவை மீனின் பேரன் பேத்தி யாரும் லேக் ஃபோர்க்கில் குடியேறவில்லை என்பது அனுபவத்தில் தெரிகிறது.

ஆனாலும் பெரியப்பா, இந்த மீன்பிடியின் பெரிய கதைகளெல்லாம் காரியம் கெட்ட நாளில் பிறந்தவை. 1932 ஜூன் 2ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி என்ற ஏழை விவசாயப் பையன், மழை ஈரத்தில் ஏர் ஓட்ட முடியாமல் மீன் பிடிக்கப் போனான். 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்து கிலோ சொச்சத்துக்கு ஒரு பாஸ் பிடித்தான். கடையில் எடை போட்டுப் பதிவு செய்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துக் குடும்பமாகத் தின்றுவிட்டார்கள். உலக சாதனையைக் குழம்பு வைத்த குடும்பம்! எழுபத்தேழு வருஷம் அதை யாரும் தொடவில்லை. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் ஒரு அவுன்ஸுக்கும் குறைவான வித்தியாசத்தில் பெரிய மீனைப் பிடித்தார். இரண்டு அவுன்ஸாவது கூடினால்தான் முந்தியதாகக் கணக்கு. ஆகவே இருவருக்கும் பாதிப் பாதி. அதற்கும் அவரை உண்மை கண்டறியும் இயந்திரத்தில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். மீன்காரன் சொல்லை நம்பாதது எல்லா நாட்டிலும் உள்ளதுதான்.

அலபாமாவில் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த ரே ஸ்காட் 1967இல் மீன் பிடிக்கப் போய், மழையில் மாட்டி, ஜாக்சன் ஊரில் ஒரு லாட்ஜில் படுத்துக்கொண்டு டிவியில் கூடைப்பந்து பார்த்தார். பந்துக்குப் போட்டி நடத்தலாமென்றால் பாஸுக்கு ஏன் கூடாது என்று தோன்றியது. அந்த வருஷமே போட்டி நடத்தினார். இன்றைக்கு அது கோடிக்கணக்கில் பணம் புரளும் விளையாட்டு. லேக் ஃபோர்க்கிலோ, 1992 ஜனவரி 24இல் பாரி செயின்ட் கிளேர் என்பவர் கிராப்பி என்ற உள்ளங்கை மீனுக்காகச் சின்ன மீனை இரை கோத்துப் போட்டிருந்தார். வந்து மாட்டியது 18.18 பவுண்டு பாஸ். டெக்ஸாஸ் மாநில சாதனை இன்றும் அதுதான். பாஸுக்காக வந்தவர்கள் அன்றைக்கு என்ன சொல்லிக்கொண்டார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சரி, பிடித்த மீன் எங்கே என்று கேட்பீர்கள். லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அங்கேயே விட்டுவிட வேண்டும். அதற்குச் சின்னதாக இருந்தால் எடுத்துப் போகலாம். பெரிதாக இருந்தால் நாளுக்கு ஒன்று. எல்லாம் சேர்த்து ஐந்துக்கு மேல் கூடாது. உங்கள் தம்பி மகனுக்கு மாட்டுகிறவை ஒன்று விடாமல் அந்த நடுத்தரத்தில்தான் பிறந்திருக்கின்றன. அளந்து, படம் எடுத்து, முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரில் விட்டுவிட்டு, திரும்பும் வழியில் கடையில் ஜிலேபி மீன் வாங்கிக்கொண்டு வருகிறான். சாத்தனூர் அணையில் தின்ற மீன் வறுவலின் காரம் இங்கே எதிலும் இல்லை.

பெரியப்பா, வருவதாக இருந்தால் ஆகஸ்டில் வராதீர்கள். வெயிலில் மீனெல்லாம் ஆழத்துக்குப் போய்விடும். மார்ச்சில் வாருங்கள், முட்டையிடக் கரையோரம் வரும் காலம். 13 பவுண்டுக்கு மேல் பிடித்தால் ஏதன்ஸ் ஊரில் இருக்கும் அரசு மீன் பண்ணைக்கு இரவல் கொடுக்கலாம், குஞ்சு எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். வெளியூர்க்காரருக்கு ஒரு நாள் லைசென்ஸ் 16 டாலர். பெட்டியில் மண்புழு கொண்டுவர வேண்டாம், ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். மிளகாய்த்தூள் மட்டும் இரண்டு கிலோ, பெரியம்மா கையால் அரைத்தது, மறக்காமல் எடுத்து வரவும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்