இருக்கை ஒன்று, டிக்கெட் இரண்டு

இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்பது விமான நிறுவனங்களின் தொலைநோக்கு. சிலர் எப்படியும் வரமாட்டார்கள் என்பது கணக்கு. எல்லோரும் வந்து தொலைத்தால் பிழை கணக்கினுடையதல்ல, வந்தவர்களுடையது.

இக்கலை உச்சம் தொட்ட இடம் சிகாகோ ஓஹேர் நிலையம். நாள் 2017 ஏப்ரல் 9. லூயிவில் செல்லும் யுனைடெட் விமானத்தில் எல்லோரும் ஏறி அமர்ந்தாயிற்று. அப்போதுதான் நிறுவன ஊழியர் நால்வருக்கு இடம் தேவைப்பட்டது. (அன்று டிக்கெட் மிகையாக விற்கப்படவே இல்லை என்று நிறுவனம் பின்னர் விளக்கியது. விற்காமலே இவ்வளவு சாதிப்பது லேசான காரியமா?) இறங்குவோருக்கு 400 டாலர், பிறகு 800 டாலர் என்று ஏலம் ஏறியது. யாரும் அசையாததால் நால்வர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மூவர் இறங்கினர். நான்காமவரான 69 வயது மருத்துவர், மறுநாள் நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்று அற்பக் காரணம் சொன்னார். அவருக்கு நடக்கும் சிரமம்கூட வைக்காமல் அலுவலர்கள் இடைவழியில் இழுத்தே சென்றனர். மூக்குடைந்தது, இரண்டு பற்கள் போயின. பற்களுக்கு லக்கேஜ் கட்டணம் வசூலிக்கப்படவில்லை.

பயணிகளுக்கு மாற்று ஏற்பாடு செய்ய நேர்ந்ததற்காகத் தலைமை நிர்வாகி வருந்தினார். அவரை அந்த ஆண்டின் சிறந்த தகவல் தொடர்பாளராக பிஆர் வீக் இதழ் தேர்ந்தெடுத்தது முந்தைய மாதம்தான். ஏப்ரல் முடிவதற்குள், இறங்கச் சம்மதிப்போருக்கான உச்சத் தொகை 10,000 டாலர் ஆனது.